பதினேழாம் கேள்விக்கு நான் எழுதிய விடை

இருபத்தெட்டு வருடங்கள் ஒரே வீட்டில் குடியிருந்துவிட்டு, அந்த வீடு யாருடையது என்ற கேள்விக்குப் பிழையான விடை எழுதியவன் நான். கேள்வியைத் தயாரித்தவனும் நானே. தான் தயாரித்த வினாவுக்குத் தானே விடை எழுதி, அதிலும் சித்தியடையாமல் போன விரிவுரையாளர் எங்கள் பீடத்தில் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று துறைத் தலைவர் கேட்டார். நேரில் வந்து பேசுகிறேன் என்றேன். எழுதித் தந்தால் போதும் என்றார், சற்று அவசரமாகவே. அவர் என் பழைய மாணவர். நான் பேசத் தொடங்கினால் லுஹர் தொழுகைக்குக்கூட ஆட்களை விடமாட்டேன் என்பதை அனுபவத்தில் அறிந்தவர். ஆகவே எழுதுகிறேன். பொருளியல் கோட்பாடு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கணினியில் எண்களைப் போட்டு எடுப்பது எப்படி என்று நான் சொல்ல வெளிக்கிட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விடயம் நான் எப்படிப் பிழைவிட்டேன் என்பதுதான். அதில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்காது.

வெளியூர்ப் பிள்ளைகளும் உங்களில் இருப்பதால் எங்கள் ஊர் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, தெற்கே பொத்துவில் வரை, பெண்பிள்ளை பிறந்த வீட்டில் வாப்பாவும் உம்மாவும் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். மகளுக்குக் கலியாணம் வரும்போது ஒரு வீடு நிற்க வேண்டும். வீட்டின் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், மகளின் பெயரில் எழுதப்படும். மாப்பிள்ளை தன்னுடைய உடுப்புகளோடு அந்த வீட்டுக்கு வந்து சேருவார். பெற்றோர் அதே வளவின் பின்பக்கம் இன்னொரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். மாப்பிள்ளை அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் வாசலில் சாய்மனைக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "நம்மட வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அது ஒரு மரியாதை.

நானும் அப்படித்தான் வந்தேன். ஒரு சூட்கேஸ், ஒரு பெட்டி நிறையப் புத்தகம், ஒரு சைக்கிள். பிறகு சம்பளம் கூடியபோது மேல்மாடியில் எனக்கென்று ஒரு வாசிப்பறை கட்டினேன். இந்த வீடு என்னுடையது என்ற எண்ணத்துக்கு அத்திவாரம் அந்த அறைதான். அத்திவாரம் மாடியில் இருந்தால் என்ன நடக்கும் என்று எந்த மேசனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை.

நான் துறைத் தலைவராக இருந்த காலத்தில் ஒரு நிறுவனம் எங்களிடம் வந்தது. கரையோர ஊர்களில் பழுதடைந்த வீடுகளைத் திருத்திக் கொடுக்கப் போகிறார்கள். யாருக்கு என்ன சொந்தம் என்று தெரியாமல் யாருடன் ஒப்பந்தம் எழுதுவது? அதற்கு ஓர் ஆய்வு வேண்டும். நான் மகிழ்ச்சியோடு பொறுப்பெடுத்து நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட வினாக்கொத்து ஒன்றைத் தயாரித்தேன். பதினேழாவது கேள்வி, "இவ்வீட்டின் உரிமையாளர் யார்?" விடை சொல்ல வேண்டியவர், குடும்பத் தலைவர். நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்ப்பதற்காக நானும் என் சக ஆசிரியர்களும் ஆளுக்கொரு படிவத்தை எடுத்து நிரப்பினோம். பதினேழுக்கு நேரே "நான்" என்று எழுதினேன். பேனை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

களவேலையை நடத்தியவர் சப்னா. பொத்துவில் பிள்ளை. அப்போது தற்காலிக உதவி விரிவுரையாளர். 'தற்காலிகம்' என்ற சொல் எங்கள் தொழிலில் எவ்வளவு காலம் நீளக்கூடியது என்பதை நீங்கள் அறிவீர்கள். சப்னாவுக்கு அது நாலாவது வருடம். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. போட்டிக்கு வந்தவர்கள் எல்லோர் கையிலும் கட்டுரை இருந்தது, அவருடைய கையில் இல்லை. இந்த ஆய்விலிருந்து எழுதி ஆய்வரங்கில் வாசிக்கப்போகும் கட்டுரைதான் அவருக்கு முதலாவது. அது நின்றால் நியமனம் நிற்கும். அது விழுந்தால் பொத்துவிலில் டியூசன் வகுப்பு. அதை அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்பு அவ்வளவு நல்லதாக இருக்கவில்லை.

களவேலை தொடங்கி மூன்றாம் கிழமை, படிவங்களோடு என் அறைக்கு வந்தார். பதினேழாம் கேள்விக்குப் பக்கத்தில், ஓரத்தில், பெரும்பாலான படிவங்களில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. இது என்ன என்று கேட்டேன்.

"சேர், மருதமுனையில ஒரு வீட்டுல அந்த மனிசன் 'என்ட வீடு, எழுதுங்க' எண்டார். குசினிக்குள்ள சமைச்சிக்கொண்டிருந்த அவர்ட பொஞ்சாதி கேக்கிறா, 'உறுதிய எடுத்துட்டு வரட்டா?' எண்டு. மனிசன் உடனே 'எங்கட வீடு எண்டு போடுங்க புள்ள' எண்டு மாத்திட்டார். அதுக்குப் பிறகு நான் எல்லா வீட்டுலயும் உறுதி ஆர்ர பேர்ல எண்டும் கேட்டன். அதத்தான் பென்சிலால எழுதியிரிக்கன்."

பேனையால் எழுதிய இடத்தில் கிட்டத்தட்ட எல்லா வீடும் ஆண்களுக்குச் சொந்தம். பென்சிலால் எழுதிய இடத்தில் கிட்டத்தட்ட எல்லா வீடும் பெண்களுக்குச் சொந்தம்.

இந்த இடத்தில் எனக்கு வாய்த்த ஒரு குருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பட்டப்படிப்புப் படித்த காலத்துப் பேராசிரியர் ஒருவர், மாதிரியில் இல்லாத குரல் காதில் விழக்கூடாது என்று சொல்லுவார். ஆய்வு செய்யப் போன இடத்தில் வழிப்போக்கன் சொன்னதையெல்லாம் அள்ளிக்கொண்டு வராதே என்பது கருத்து. நல்ல கருத்து. நல்ல கருத்துகளில் உள்ள தொல்லை, அவற்றை எந்த இடத்தில் பாவிக்கக் கூடாது என்று யாரும் கூடவே எழுதித் தருவதில்லை. நான் கதிரையில் சாய்ந்து, குருவின் குரலை வரவழைத்துக்கொண்டு, "குசினிக்குள்ள இருந்து வாற சத்தம் தரவு இல்ல, சப்னா. பதில் சொல்ல வேண்டியவர் குடும்பத் தலைவர்" என்றேன்.

"அவருக்குத் தலைவர் உள்ளுக்குத்தான் இருந்தா, சேர்."

அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். எண்ணூறு பேரிடம் ஒரே விதமாகக் கேட்க வேண்டிய கேள்வியை இடையில் மாற்றினால் ஆய்வு கெட்டுவிடும், பென்சில் எழுத்தையெல்லாம் அழித்துவிடுங்கள் என்று சொன்னேன். சரி சேர் என்றார். இப்போது யோசித்தால் அந்தச் 'சரி' சற்றுக் குட்டையாகத்தான் இருந்தது.

அட்டவணை துறைக் கூட்டத்துக்கு வந்தது. ஆண்கள் வீட்டுக்காரர்கள், பெண்கள் குடியிருப்பவர்கள். கூட்டத்தில் ஆறு ஆண்கள் இருந்தோம். ஆறு பேரும் அன்று காலை மனைவியின் வீட்டில் முகம் கழுவி, மனைவியின் வீட்டில் தேநீர் குடித்து, மனைவியின் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தவர்கள். அட்டவணை மிகத் தெளிவாக இருக்கிறது என்று ஏகமனதாக அங்கீகரித்தோம். கட்டுரை அச்சுக்குப் போனது.

ஆய்வரங்குக்கு முதல் நாள் பின்னேரம், அஸர் தொழுதுவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வளவு ஆதம்பாவா காக்கா ஒரு கடதாசியோடு வந்தார். ஹாட்வெயர் கடை வைத்திருப்பவர்; எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த பழைய மதில் மழைக்குச் சரிந்துவிட்டது; புதிதாகக் கட்ட இரண்டு பக்கத்து உரிமையாளர்களும் ஒப்பமிட்ட கடிதம் வேண்டும். நான் கண்ணாடியை மாட்டி, பேனையின் மூடியைக் கழற்றி, ஒரு பேராசிரியருக்குரிய நிதானத்தோடு கடிதத்தின் அடிப்பக்கத்தைத் தேடினேன்.

"சேர், நீங்க என்னத்துக்குக் கஷ்டப்படுறீங்க?" என்றார் காக்கா, மிகுந்த மரியாதையாக. "தங்கச்சியக் கூப்பிடுங்க."

தங்கச்சி என்று அவர் சொன்னது என் மனைவியை. வீட்டுக்காரன் நான் இருக்க அவள் எதற்கு என்று கேட்டேன். காக்கா என்னைப் பார்த்தார். வாங்கிய ஆணியைத் திருப்பிக் கொண்டுவந்து, ஏன் சுத்தியல் இல்லாமல் இறங்கவில்லை என்று கேட்கும் வாடிக்கையாளரை அவர் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன். கடதாசியில் அவருடைய பக்கத்து ஒப்பத்தைக் காட்டினார். அது அவருடைய மனைவியின் ஒப்பம்.

"என்ட கையெழுத்தும் செல்லாது சேர். நான் கடிதத்தக் கொண்டு வாற ஆள் மட்டும்தான்."

என் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். நான் வாசித்திருக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். கிணற்றடிப் பக்கம் நீளம் ரெண்டு அடி கூடியிருக்கிறதே காக்கா என்று கேட்டாள். டைப் அடித்ததில் வந்த பிழை என்று அவர் தலையைச் சொறிந்தார். அவள் வெட்டித் திருத்தி, பக்கத்தில் சிறிய ஒப்பமும் கீழே பெரிய ஒப்பமும் வைத்துக் கொடுத்தாள். என் பேனையால்தான் எழுதினாள். அந்த அளவுக்கு நான் சம்பந்தப்பட்டிருந்தேன்.

காக்கா போன பிறகு, இது நம்மட வீடுதானே என்று அவளிடம் கேட்டேன்.

"நம்மட வீடுதான். கையெழுத்து மட்டும் என்ட" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அதே கதிரையில் உட்கார்ந்திருந்தேன். கதிரையும் அவளுடைய வாப்பா வாங்கியது என்று அப்போது ஞாபகம் வந்தது. அதற்குப் பின்னால் பதினேழாம் கேள்வி வந்தது. அதற்குப் பின்னால் மருதமுனைக் குசினி வந்தது. நாளைக்குக் காலையில் ஒரு பிள்ளை மேடையில் ஏறி நான் எழுதவைத்த பொய்யை வாசிக்கப்போகிறது. இது கட்டுரையோடு நின்றுவிடுகிற விடயமும் அல்ல. உறுதியில் இல்லாத பெயரோடு ஒப்பந்தம் எழுதினால் அது திரும்பி வரும், கூரை ஒழுகும் வீடு ஒழுகிக்கொண்டே இருக்கும்.

தொலைபேசியை எடுத்தேன். சப்னாவுக்கு என்ன சொல்லலாம் என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். மூன்றும் "நாம் ஒரு தவறு செய்திருக்கிறோம்" என்றுதான் தொடங்கின. கவனித்துக்கொள்ளுங்கள்: எங்கள் தொழிலில் பாராட்டு வந்தால் 'நான்', பிழை வந்தால் 'நாம்'. அந்த 'நாம்' வாயில் வராமல் தொலைபேசியைக் கீழே வைத்தேன். காலையில் நேரில் சொல்லலாம் என்று எனக்கே தவணை கொடுத்தேன். காலையில் பீடாதிபதி பிடித்துக்கொண்டார், விருந்தினரை வரவேற்க வேண்டியிருந்தது, நேரம் கிடைக்கவில்லை. இப்படித்தான் பல வருடம் சொல்லிவந்தேன். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். நேரம் இருந்தது. இரண்டு ரோல்ஸும் ஒரு பிளேன்டீயும் முடிக்கும் அளவுக்கு இருந்தது.

அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் கொழும்பில் கற்பிக்கும் ஒரு பேராசிரியை. அடுத்த கிழமை நடக்கவிருந்த நேர்முகப் பரீட்சைக் குழுவிலும் அவர் இருக்கிறார் என்பது மண்டபத்தில் தேநீர் ஊற்றியவருக்குக்கூடத் தெரியும். சப்னா நன்றாகத்தான் தொடங்கினார். அந்த அட்டவணை திரையில் வந்தது. ஆண்கள் வீட்டுக்காரர்கள், பெண்கள் குடியிருப்பவர்கள். பேராசிரியை கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிசம். நான் மட்டக்களப்புப் பிள்ளை. என்ட அப்பா சாகும் வரைக்கும் என்ட அம்மாட வீட்டுலதான் இருந்தவர். உங்கட பக்கத்து முஸ்லிம் ஊர்களிலயும் அந்த முறைதான் எண்டு கேள்விப்பட்டிருக்கன். உங்கட அட்டவணைக்குள்ள என்ட அப்பா எப்பிடி வீட்டுக்காரர் ஆனார்?"

சப்னா பதில் சொல்லவில்லை. கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. சேர்தான் அழிக்கச் சொன்னார் என்ற ஒரே வசனம் போதும், அவர் தப்பிவிடுவார். அதைச் சொல்லாமல் நின்றார். நான் முன்வரிசையில் இருந்தேன். தன் நாலு வருடத்தையும் பணயம் வைத்து இந்தப் பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றுகிறதே என்று நினைத்தேன்.

எழும்பினேன். முழங்கால் எனக்கு முன்னரே தீர்மானித்துவிட்டது போலிருந்தது.

"அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவ சப்னா இல்ல, மேடம். நான். அவ பென்சிலால சரியா எழுதிக்கொண்டு வந்தத அழிக்கச் சொன்னவன் நான்."

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. 'நாம்' வரவில்லை, 'நான்' மட்டுமே வந்தது. படிவத்தில் நான் எழுதிய விடை, ஆதம்பாவா காக்காவின் கடிதம், தங்கச்சியைக் கூப்பிடுங்க என்றது, கிணற்றடியில் கூடிய ரெண்டு அடி, எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் பின்வரிசை மாணவிகள் சிரித்தார்கள். பிறகு நடுவில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள், தங்கள் தங்கள் மதிலை நினைத்துக்கொண்டு. அந்தக் கலகலப்புக்குள் மண்டபத்து உதவியாளர் மேடையில் ஏறி ஏதோ செய்துவிட்டு இறங்கிப் போனார்.

"அப்ப நேத்து வரைக்கும் நீங்க வீட்டுக்காரர்?" என்றார் பேராசிரியை.

"ஓம் மேடம். நேத்து அஸர் வரைக்கும்."

பீடாதிபதி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அவரும் காரைதீவில் பெண் எடுத்து, அங்கேயே குடியிருப்பவர். சிரிப்பு ஓய்ந்ததும் பேராசிரியை சப்னாவிடம், அந்தப் பென்சில் குறிப்புகள் எங்கேயாவது மிஞ்சியிருக்கின்றனவா என்று கேட்டார். இருக்கு மேடம் என்றார் சப்னா. உடனே திரையில் அடுத்த அட்டவணை வந்தது. ஊர் ஊராக, வீடு வீடாக, உறுதி யாருடைய பெயரில் என்று. ஓர் எழுத்தையும் அவர் அழித்திருக்கவில்லை. கணவர் சொன்ன விடையையும் உறுதி சொன்ன விடையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். யாரிடம் கேட்கிறோம் என்பதே விடையை எப்படி மாற்றிவிடுகிறது, அந்த மாற்றத்தை நம்பி உதவி கொடுத்தால் யார் வெளியே நிற்பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மண்டபம் அப்போது சிரிக்கவில்லை. பேராசிரியை குறிப்பெடுக்கத் தொடங்கினார். மணி அடிக்க வேண்டியவர் அடிக்க மறந்துபோனார். நான் பார்த்த ஆய்வரங்குகளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை.

நிறுவனம் ஒப்பந்தப் படிவத்தை மாற்றியது. உறுதியில் பெயர் உள்ளவரே ஒப்பமிட வேண்டும் என்று ஆனது. மருதமுனையில் அந்தக் குசினிக்காரி கையெழுத்து வைக்கும்போது, கணவர் பக்கத்தில் நின்று பேனையை நீட்டிக்கொண்டிருந்தாராம். சப்னாவுக்கு நியமனம் கிடைத்தது. உங்களில் பலருக்கு ஆய்வு முறையியல் எடுத்தவர் அவர்தான், ஆகவே மேலே சொல்லத் தேவையில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியது என்ன? கேள்வியை எழுதும்போது, விடை சொல்லப்போகிறவருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள். உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த விடயத்தைக் கேட்கும்போது இரண்டு தரம் பாருங்கள். பிழை என்று பட்டால் ரோல்ஸ் சாப்பிடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். ரோல்ஸ் நீங்கலாக இவ்வளவையும் நான் ஒரு கதாநாயகனின் திருப்தியோடு பல இடங்களில் சொல்லிவந்தேன், சப்னா நியமனக் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு, அதாவது என் மனைவியின் வீட்டுக்கு, வட்டிலப்பம் கொண்டுவந்த நாள் வரைக்கும்.

அன்று எனக்கு மனம் நிறைந்திருந்தது. மேடையில் அந்த ஒரு நிமிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பேசாமல் நின்றீர்களே, அதை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன் என்று சொன்னேன். என் மனைவி பிளேன்டீயை வைத்துவிட்டுக் கதையைக் கேட்க நின்றாள். சப்னாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"அதுவா சேர்? அது படம் மாத்திற ரிமோட் வேல செய்யல்ல. நான் அதத்தான் அமத்திக்கொண்டு நிண்டன். அடுத்த படத்துலயே உறுதிக் கணக்கு முழுக்க இருந்திச்சி. நீங்க எழும்பி மதில் கதையச் சொன்னதுல எனக்கு நாலு நிமிசம் போயிட்டு."